கண்ணின் படைகளும் காட்சியின் இருப்பிடமும்

உலகிலுள்ள பொருள்களையெல்லாம் நமக்குக் காட்டும் கண், தன்னைத் தான் காண்பதில்லை. இக்காரணத்தாற் போலும், மனிதன் வானத்து மீன்களின் இயக்கத்தை அளந்து கணித்துப் பன்னூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தன் முகத்திலமைந்த இச்சிறு கோளத்தினுள் காட்சி எவ்விடத்தில் நிகழ்கின்றது என்பதை அறிந்துகொண்டான். கண்ணின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். அஃதாவது ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அச்சிற்றளவினுள் நேர்ந்த ஒரு பிழையைத் திருத்துவதற்கு மனித குலத்துக்கு ஏறக்குறைய 1400 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அப்பிழையின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

நேயர்களே, வரலாற்றுக்குள் புகுமுன் அது நிகழ்ந்த களத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். கண்கோளம் ஒன்றன்மேலொன்றாகப் பொருந்திய மூன்று படைகளால் ஆயது. படை என்றது ஈண்டு அடுக்கினை. வெங்காயத்தின் தோல்கள்போல அவை ஒன்றையொன்று பொதிந்து நிற்கின்றன.

புறத்தே இருப்பது வன்கோதுப் படை. கண்ணின் வெள்ளை என நாம் வழங்குவது இதனையே. இது தடித்தது, வலியது; கண்ணுக்கு உருவங் கொடுப்பதும், கண்ணைத் திருப்புகின்ற ஆறு தசைகளுக்குப் பற்றுக்கோடாக நிற்பதும் இதுவே. இப்படை கண்ணின் முன்புறத்தில் ஒளியூடு புகவிடும் தெளிந்த பலகணியாக மாறுகின்றது. அப்பகுதிக்கு விழிவெண்படலம் என்று பெயர். பெயரில் வெண்மை இருப்பினும் அது கண்ணாடி போன்றது. குருதிக் கலன்கள் அதனுட் செல்வதில்லை. ஒளிக்கதிர்களை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரு பங்கு அளவினை இப்படலமே செய்துவிடுகின்றது.

இடையிலுள்ளது தோலுருப் படை. குருதிக் கலன்கள் செறிந்த இப்படை கண்ணுக்கு ஊட்டமளிப்பது. தன்பாலுள்ள கருநிறப் பொருளினால் சிதறும் ஒளியை உறிஞ்சுவது. இப்படையின் முன்பகுதியே நிறமமைந்த கதிராளியும், வில்லையைத் தாங்கி அதன் வடிவை மாற்றும் பிசிருடலுமாக அமைகின்றது. கதிராளியின் நடுவிலுள்ள துவாரமே கண்மணி.

அகத்தே இருப்பது விழித்திரை. இது மெல்லியது, மூளையினின்றும் வரும் பார்வை நரம்பின் விரிவாக உள்ளது. இம்மூன்று படைகளுக்கும் உள்ளே, கதிராளிக்குச் சற்றுப் பின்னால், மைசூர்ப் பருப்பின் வடிவினதாகிய வில்லை தொங்குகின்றது. அதன் பின்னுள்ள பெருவெளியை இளநுங்கு போன்ற தெளிந்த பாகொன்று நிரப்பி நிற்கின்றது.

பழங்காலத்தார் இவற்றிற்கு இட்ட பெயர்களை நோக்கின், அவர்கள் வெறுங் கண்ணால் எத்துணை நுட்பமாகப் பார்த்தனர் என்பது விளங்கும். கிறித்துவுக்கு முன் 300 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் உடலை அறுத்தாராய்ந்த ஹெரோபிலஸ் என்னும் மருத்துவர், உட்படையினைச் சுருக்கி இழுத்த வீச்சுவலைக்கு ஒப்பிட்டார். நமது களப்புகளில் மீனவர் வலையை வீசி, பின் ஒன்று கூட்டி இழுக்குங் காட்சியைக் கண்டவர்க்கு இவ்வுவமை எளிதிற் புலனாகும். அவ்வலையே பின்னர் இலத்தீன் மொழியிற் புகுந்து ரெற்றினா எனும் பெயராயிற்று. முன்படலம் சீவித் தேய்த்த கொம்புபோல் ஒளிவிடுதலின் கொம்பின் பெயரால் கோணியா எனப்பட்டது. இடைப்படை, காம்பு நீக்கிய கரிய திராட்சைப் பழத்தின் தோலை ஒத்திருத்தலின் திராட்சையின் பெயர் பெற்றது. கண்மணியைக் கிரேக்கர் சிறுமி எனவும், உரோமர் சிறு பொம்மை எனவும் அழைத்தனர். நாமோ பாவை என்கிறோம். எதிர்நிற்பவர் கண்ணில் தம் உருவம் சிறு பொம்மையாய்த் தோன்றக் கண்ட மக்கள், வேறு வேறு நாட்டினராயினும் ஒரே பெயரை இட்டனர்.

பெயர்கள் பொருந்தின, தொழில்கள் பொருந்தவில்லை. கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் புகழ்பெற்று விளங்கிய கேலன் என்னும் மருத்துவர், காட்சி நிகழும் இடம் வில்லையே எனத் துணிந்தார். மூளையினின்று ஒருவகை நுண்ணுயிர்ப்பு, துளையுடைய பார்வை நரம்பின் வழியே இறங்கி வில்லையை அடைகின்றது என்றும், வலை போன்ற உட்படை வில்லைக்கு ஊட்டத்தையும் அவ்வுயிர்ப்பினையும் கொண்டு செல்லும் ஏவலாள் என்றும் அவர் கொண்டார். வில்லை பனிக்கட்டி போலத் தூய்மையாய், மற்றெல்லா உறுப்புகளாலும் சூழப்பட்டுப் பேணப்படுவதுபோல் இருந்தது. அரசனைச் சுற்றி அமைச்சரும் காவலரும் நிற்றல் போலக் கண்ணின் ஏனைய பகுதிகள் வில்லைக்கெனவே அமைந்தன என்ற கொள்கை அறிவுக்கு இசைந்ததாகவே தோன்றிற்று.

கேலன் இதற்கொரு சான்றுங் காட்டினார். அக்காலத்திலேயே கண்புரை நோய்க்குச் சத்திரசிகிச்சை இருந்தது. நம் பாரதநாட்டுச் சுசுருத சங்கிதையிலும் அது கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியைக் கண்ணினுட் செலுத்திப் பார்வையை மறைக்கும் வெண்பொருளைக் கீழே தள்ளிவிடுவர். குருடன் மீண்டும் ஒளியைக் காண்பான். கேலனும் அவர் வழிவந்தோரும் இதனை எங்ஙனம் விளக்கினர்? வில்லைக்கும் முன்படலத்துக்கும் இடையில் ஒரு தீய நீர் வழிந்து உறைந்து திரையாயிற்று, அத்திரையே தள்ளப்பட்டது, வில்லை மீண்டும் ஒளியைப் பெற்றது என்றனர். உண்மையில் அவர்கள் தள்ளியது வில்லையையே. காட்சிக்கு அரசன் எனத் தாம் போற்றிய பொருளையே ஊசியாற் கீழே தள்ளினர். அது தள்ளப்பட்டதனாலேயே நோயாளி கண் பெற்றான். சான்று கைக்கெட்டிய தொலைவில் இருந்தது; கொள்கை அதனை மறைத்து நின்றது.

கேலனின் நூல்கள் அரபு மொழியிற் பெயர்க்கப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கண்ணைப்பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை இயற்றினார். அந்நூலின் படங்களில் வில்லை கண்ணின் நட்டநடுவே வரையப்பட்டிருக்கக் காண்கிறோம். உள்ளபடி அது முன்புறத்தே இருப்பது. ஆயினும் அரசன் நடுவிலிருத்தலே முறை என்ற எண்ணம் எழுதுகோலை நடத்திற்று.

பின்னர் தோன்றியவர் ஈராக்கின் பஸ்றா நகரிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். 965 ஆம் ஆண்டளவிற் பிறந்த இப்பேரறிஞர், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருள்களைத் தொடுகின்றன என்ற பழங்கொள்கையை மறுத்தார். கதிரவனை உற்று நோக்கினாற் கண் நோகின்றது. ஒளிமிக்க பொருளைப் பார்த்துக் கண்ணை மூடினாலும் அதன் சாயல் சற்று நேரம் நிலைக்கின்றது. ஆகவே ஒளி வெளியிலிருந்து கண்ணுள் வருகின்றது, கண்ணின்மேல் தொழிற்படுகின்றது என அவர் நிறுவினார். காட்சிபற்றி அவர் எழுதிய பெருநூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572 இல் பேசல் நகரில் அச்சாயிற்று.

ஆயினும் இத்தகைய அறிஞரும் வில்லையின் அரியணையை அசைத்தாரல்லர். அதற்கு ஒரு காரணமுண்டு. கதிர்கள் வில்லையைக் கடந்து மேலுஞ் செல்லுமாயின் அவை ஒன்றையொன்று குறுக்கிட்டு, உருவம் தலைகீழாக விழும். உலகத்தை நாம் நேராகவன்றோ காண்கிறோம்? எனவே கதிர்கள் குறுக்கிடுமுன்னரே, வில்லையிலேயே, உணர்வு தோன்றல் வேண்டும் என அவர் கொண்டார். இப்பிழையை இகழ்தல் தகாது. கணக்கு ஒருபுறம், அனுபவம் மறுபுறம் நிற்க, அனுபவத்தின் பக்கம் சாய்ந்த நேர்மையாளரின் பிழை இது.

ஐரோப்பாவிலும் நிலைமை நெடுங்காலம் மாறவில்லை. மனித உடலை அறுத்து ஆராய்ந்து, கேலனின் பிழைகள் பலவற்றை 1543 இல் வெளியிட்ட வெசேலியஸ் என்பாரும், தம் படத்தில் வில்லையைக் கண்ணின் மையத்திலேயே வரைந்தார். பிற உறுப்புகளில் நூலைவிடத் தம் கண்ணையே நம்பியவர், கண்ணை வரைகையில் மரபினின்றும் விடுபட்டிலர்.

1583 இல் சுவிற்சலாந்தின் பேசல் நகரத்து மருத்துவராகிய பீலிக்ஸ் பிளாற்றர் ஒரு துணிபினை எழுதினார். காட்சிக்குத் தலைமையுறுப்பு விழித்திரையே; வில்லையானது அதற்கு முன் வைத்த மூக்குக்கண்ணாடி போன்றது என்பது அவர் கூற்று. அது மருத்துவர் ஒருவரின் கூரிய கருத்தாக இருந்தது. கணித நிறுவல் அதற்கு இல்லை. அந்நிறுவலைத் தந்தவர் வானநூலாசிரியராகிய யொகான்னஸ் கெப்ளர்.

கெப்ளர் குழந்தைப் பருவத்தில் அம்மை நோயினாற் பார்வை குன்றியவர். கண்ணை அறுத்துப் பார்த்தவருமல்லர். அதற்குப் பிளாற்றர் முதலியோரின் நூல்களையே துணைக்கொண்டார். கதிரவ கிரகணத்தைச் சிறு துவாரத்தின் வழியாக இருட்டறையில் விழச்செய்து அளந்தபொழுது, துவாரத்தின் வழியே வரும் ஒளியின் இயல்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நீர் நிறைத்த கண்ணாடிக் கோளத்தினூடு கதிர்கள் செல்லும் விதத்தையும் ஆராய்ந்தார். 1604 இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியினின்றும் புறப்படும் கதிர்க்கூம்பு கண்ணுட் புகுந்து விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிகின்றது எனக் காட்டினார். அவ்விம்பம் தலைகீழானது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விழித்திரையில் விழுந்த தலைகீழ் ஓவியத்தை உள்ளம் எங்ஙனம் நேராக உணர்கின்றது என்ற வினாவை இயற்கைத் தத்துவ அறிஞர்க்கு விட்டுவிட்டார். இப்னு அல் ஹைதம் எந்த விளிம்பில் நின்று திரும்பினாரோ, அந்த விளிம்பைக் கெப்ளர் தாண்டினார். விடை தெரியாத வினா எஞ்சினாலும் கணக்கு காட்டும் வழியே செல்வேன் என்ற துணிவே அவரைத் தாண்டச் செய்தது.

கணக்கினாற் கண்டதைக் கண்ணாலுங் காணல் வேண்டுமன்றோ? யேசுசபைக் குருவாகிய கிறிஸ்தோபர் ஷைனர், 1619 இல் வெளியிட்ட நூலில் வில்லையை அதற்குரிய முன்னிடத்தில் வரைந்தார். 1625 இல் உரோமாபுரியில், மனிதக் கண்ணொன்றின் பின்புறப் படைகளைச் சுரண்டி நீக்கி, அங்கு விழும் விம்பத்தைக் காட்டினார். பிரான்சு நாட்டுத் தத்துவ ஞானியாகிய டேக்காட் 1637 இல் வெளியிட்ட நூலில், இறந்த எருதின் கண்ணைக்கொண்டு இப்பரிசோதனையைச் செய்யும் முறையை விவரித்தார். பின்புறப் படைகளை நீக்கி, அவ்விடத்தில் மெல்லிய தாளையோ முட்டையோட்டையோ வைத்து, கண்ணை இருட்டறையின் சாளரத் துவாரத்திற் பொருத்தினால், வெளியுலகம் முழுவதும் அங்கே தலைகீழாக வரையப்பட்டிருக்கும். ஏவலாள் எனக் கருதப்பட்ட வலையே அரியணையைப் பெற்றது.

ஆயினும் இவ்வுண்மை மருத்துவர் கையிலுள்ள ஊசியை அடைவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. கண்புரை என்பது வில்லைக்கு முன்னே உறைந்த திரை என்றே பெரும்பாலார் நம்பிவந்தனர். 1705 இல் பிறிசோ என்னும் பிரெஞ்சு மருத்துவர், கண்புரையுடன் இறந்த படைவீரன் ஒருவனின் கண்ணில், உயிருள்ளவனுக்குச் செய்வதுபோலவே ஊசியைச் செலுத்தி வெண்பொருளைக் கீழே தள்ளினார். பின்னர் கண்ணை அறுத்துப் பார்த்தார். கீழே கிடந்தது ஒளிமங்கிய வில்லை. திரை என ஒன்று அங்கே இல்லை. பாரிசு நகரத்து விஞ்ஞான சபை முதலில் இதனை ஏற்க மறுத்தது. 1708 இலேயே உடன்பட்டது.

நோய் இன்னதென்று தெரிந்தபின் சிகிச்சையும் மாறிற்று. வில்லையைக் கண்ணினுள்ளே தள்ளிவிடுதலிலும் வெளியே எடுத்துவிடுதல் நன்று எனக் கண்ட ஜாக் டவியெல், 1747 இல் முன்படலத்தின் ஓரத்தைத் திறந்து அதனை எடுத்தார். வில்லையை இழந்த கண், தடித்த குவிவுக் கண்ணாடியின் துணைகொண்டு உலகைக் கண்டது. காட்சியின் இருப்பிடம் வில்லையன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எனின் வில்லையின் தொழில் யாது? அண்மையிலுள்ள பொருளையும் சேய்மையிலுள்ள பொருளையும் மாறிமாறித் தெளிவாகக் காணும்படி தன் வடிவை மாற்றிக்கொள்வதே எனத் தோமஸ் யங் 1801 இல் விளக்கினார். நாற்பது வயதைக் கடந்தோர் பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்து வாசிப்பது, வில்லை வயதினால் அந்நெகிழ்வை இழப்பதனாலேயே.

விழித்திரையின் ஆட்சியிலும் ஒரு குறைவு உண்டு. மரியொற் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1668 இல் வெளியிட்ட செய்தி இது: பார்வை நரம்பு விழித்திரையிற் சேரும் இடத்தில் கண் குருடு. நேயர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் எட்டுச் சென்ரிமீற்றர் இடைவிட்டு இடமும் வலமுமாக இரு புள்ளிகளை இடுக. இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் இடப்புறப் புள்ளியையே நோக்குக. தாளை முப்பது சென்ரிமீற்றர் தொலைவுக்கு மெல்ல நகர்த்தும்பொழுது வலப்புறப் புள்ளி மறைந்துபோம். நாள்தோறும் நம்முடனிருக்கும் இக்குருட்டிடத்தை நாம் உணர்ந்தோமல்லோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழித்திரையின் உட்செய்திகள் வெளிப்பட்டன. 1851 இல் ஹெல்ம்ஹோற்ஸ் கண்நோக்கி என்னுங் கருவியை வெளியிட, உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர் முதன்முறையாகத் தெளிவாகக் கண்டனர். 1866 இல் மக்ஸ் ஷூல்ற்ஸ, விழித்திரையிலுள்ள கோல்கள் மங்கலொளியிலும், கூம்புகள் பகலொளியிலும் நிறங்களை அறிவதிலும் பயன்படுவன எனக் கூறினார். கோல்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி. கூம்புகள் ஏறத்தாழ அறுபது இலட்சம். அவை பெறும் செய்திகளைப் பார்வை நரம்பிலுள்ள பத்து இலட்சம் அளவிலான இழைகளே மூளைக்குக் கொண்டு செல்கின்றன. 1876 இல் பிரான்ஸ் பொல், தவளையின் விழித்திரையிலுள்ள செந்நிறப் பொருள் ஒளிபட்டவுடன் வெளுப்பதைக் கண்டார். அப்பொருளின் ஆக்கத்துக்கு விற்றமின் ஏ இன்றியமையாதது என்பதை அறிந்த ஜோர்ஜ் வால்ட் 1967 இல் நோபல் பரிசு பெற்றார். மாலைக்கண் உடையோர்க்கு ஈரலும் கீரையும் உதவும் காரணம் இதனாற் புலனாயிற்று. ஸ்பானிய அறிஞர் றமொன் இ கஹால், மெல்லிய அத்திரையினுள்ளும் நரம்புக் கலங்கள் அடுக்கடுக்காக ஒழுங்குற நிற்றலைக் காட்டினார். பத்து அடுக்குகள் அதனுள் உள எனக் கணக்கிடுவர்.

இவ்வறிவு நம் மொழிக்கு வந்த வழியும் நினைவுகூரத் தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் மொழியிலேயே மேல்நாட்டு மருத்துவங் கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர், கற்றர் என்பார் எழுதிய உடற்கூற்று நூலை 1857 இல் தமிழில் வெளியிட்டார். ஹெல்ம்ஹோற்ஸின் கருவி வெளிவந்து ஆறே ஆண்டுகளில், நம் நாட்டு மாணவர் உடலின் அமைப்பைத் தாய்மொழியிற் கற்றனர் என்பது பெருமைக்குரியது.

படைகளின் தொழில் தெளிவான பின்னர், பழுதுற்ற பகுதியை மாற்றவும் மனிதன் துணிந்தான். 1949 இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி, புரையுற்ற வில்லைக்கு ஈடாகச் செயற்கை வில்லையொன்றைக் கண்ணினுட் பொருத்தினார். போர் விமானங்களின் மேன்மூடி உடைந்து விமானிகளின் கண்ணிற் புகுந்த துண்டுகள் அழற்சியை உண்டாக்காது கிடந்ததைக் கண்டே, அப்பொருளால் அவர் வில்லையைச் செய்தார். விழிவெண்படலத்தை மாற்றுஞ் சிகிச்சையோ அதற்கு முன்னரே கைகூடியது. 1905 இல் எடுவாட் சேம், ஒல்மூற்ஸ் நகரில், சுண்ணாம்பினாற் கண்ணிழந்த தொழிலாளி ஒருவருக்கு வேறொருவரின் படலத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். 1930களில் சோவியத் நாட்டின் ஒடெசாவில் பிலாத்தொவ், இறந்தோரின் கண்களையே இதற்குப் பயன்படுத்தும் வழியை வளர்த்தார். குருதிக் கலன்கள் இல்லாமையால் இப்படலத்தை வேற்றுடல் எளிதில் ஒதுக்குவதில்லை.

நமது இலங்கை இவ்வரலாற்றில் இடம்பெறுவது இங்கேதான். 1958 இல், மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்தபின் கண்களை வழங்குமாறு பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றிற்று. 1964 இல் பனிக்கட்டி இட்ட குடுவையொன்றிற் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. அதன்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கான படலங்கள் இந்நாட்டிலிருந்து சென்றுள்ளன. அலெக்சாந்திரியாவில் கொம்பு எனப் பெயரிடப்பட்ட அதே படலம், கொழும்பிலிருந்து கடல் கடந்து முன்பின் அறியாத ஒருவரின் முகத்தில் மீண்டும் பலகணியாகின்றது.

பாடசாலை மாணவன், விழித்திரையில் தலைகீழான விம்பம் விழுகின்றது என்று ஒரே வரியில் எழுதி முழுப் புள்ளியும் பெறுகின்றான். பெறட்டும். ஆனால் அவ்வொரு வரியை எழுதப் பேரறிஞர் பலர் இயலாது நின்றனர் என்பதையும் அவனுக்குச் சொல்லுதல் நம் கடன். அவர்களிடத்து அறிவுக் குறைவு இல்லை. கண்ணுக்கும் காட்சிக்கும் இடையில் முன்னோர் கூற்று ஒரு திரையாக விழுந்திருந்தது. இறந்த வீரனின் கண்ணை அறுத்துப் பார்த்த பிறிசோ, அங்கே திரையொன்றும் இல்லை என்று கண்டார். திரை இருந்த இடம் பார்த்தவர்களின் உள்ளம்.